பிள்ளைகளோடு வீட்டிலேயே பழைய நாடகம் போடுவது எப்படி? மொட்டை மாடிக்கு ஒரு முழு வழிகாட்டி

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படும் அவர் 1922-இல் இந்த ஊரில்தான் மறைந்தார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால், 1918-இல், மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் நடித்தவர்கள் சிறுவர்கள். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று நாடக உலகில் பேரெடுத்தவர்கள் அங்கேதான் பாடம் படித்தார்கள். பெரியவர்களே திணறும் விருத்தங்களை அந்தப் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடி, நீளமான வசனங்களை மூச்சு வாங்காமல் பேசினார்கள். இப்படிச் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளின் கண்டிப்பும், வீட்டைப் பிரிந்த வாழ்க்கையும் நமக்கு வேண்டாம். பிள்ளைகளால் பெரிய நாடகத்தைத் தாங்க முடியும் என்று சுவாமிகள் வைத்த நம்பிக்கை மட்டும் போதும்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. பழைய நாடகத்தைச் சுருக்கலாம், சப்பையாக்கக் கூடாது. மூன்று மணி நேரத்தை அரை மணி நேரமாக்குங்கள். ஆனால் அந்த அரை மணியில் வலிக்கிற இடம் வலிக்க வேண்டும், பயப்படுகிற இடத்தில் பயம் வர வேண்டும். “குழந்தைகளுக்குப் புரியாது” என்று நாம் எடுத்துவிடும் வரிகளே பெரும்பாலும் அவர்கள் பெரியவர்களான பிறகும் மறக்காத வரிகளாக இருக்கும்.

எந்த நாடகம்?

முதல் முறை போடுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது பாசனின் ‘மத்யம வியாயோகம்’. பாசன் சமஸ்கிருத நாடகாசிரியர், காளிதாசனுக்கும் முந்தியவர். காளிதாசனே தன் நாடகம் ஒன்றின் முன்னுரையில் அவர் பெயரைச் சொல்கிறார். நீண்ட காலம் கைக்குக் கிடைக்காமல் இருந்த அவருடைய நாடகங்களைக் கணபதி சாஸ்திரி சுவடிகளிலிருந்து எடுத்து, 1912 முதல் திருவனந்தபுரத்தில் அச்சிட்டார். ‘மத்யம வியாயோகம்’ ஒரே அங்கம்தான். காட்சி மாற்றம் இல்லை, நடுவில் காலம் தாவுவதும் இல்லை. வீட்டில் போடுவதற்கு இதைவிடத் தோதான நாடகம் கிடைப்பது கஷ்டம்.

கதை இதுதான். உறவுக்காரர் வீட்டு உபநயனத்துக்காக ஒரு அந்தணர் தன் மனைவியோடும் மூன்று மகன்களோடும் காட்டு வழியே போகிறார். கடோத்கஜன் வழி மறிக்கிறான். அவன் தாய் இடும்பி நோன்பு முடிக்க ஒரு மனிதனைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். “ஒரு பிள்ளையைக் கொடுத்தால் மற்றவர்கள் போகலாம்” என்கிறான். அப்பாவும் அம்மாவும் தங்களையே தர முன்வருகிறார்கள். அவன் ஏற்கவில்லை. மகன்கள் ஒவ்வொருவராக “நான் போகிறேன்” என்கிறார்கள். அப்பா மூத்தவனை விடவில்லை, அம்மா இளையவனை விடவில்லை. நடுப்பிள்ளை மிஞ்சுகிறான். போகும் முன் பக்கத்துக் குளத்தில் தண்ணீர் குடித்து வருகிறேன் என்று போனவன் திரும்பத் தாமதமாகிறது. “நடுவோனே! சீக்கிரம் வா!” என்று கடோத்கஜன் கூப்பிடுகிறான். குந்தி பெற்ற மூவரில் நடுவில் பிறந்த பீமன், அருகில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தவன், தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று வந்து நிற்கிறான். எதிரே நிற்பது தன் மகன் என்று பேச்சில் பீமனுக்குத் தெரிந்துவிடுகிறது. மகனுக்குத் தெரியாது. “நடுப்பிள்ளைக்குப் பதில் நான் வருகிறேன், ஆனால் என்னைப் பலத்தால் இழுத்துப் போ” என்கிறான் பீமன். சண்டை நடக்கிறது. கடைசியில் இடும்பி வந்து கணவனை அடையாளம் காண்கிறாள். கடோத்கஜன் காலில் விழுகிறான், அந்தணர் குடும்பம் பிழைக்கிறது.

கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பீமனும் இடும்பியும் பிள்ளைகளுக்குப் புது ஆட்களாக இருக்க மாட்டார்கள். இந்த நாடகத்தை ஒரு குட்டிக் கூத்தாகவே போடலாம் என்பதுதான் என் யோசனை. மேடை இல்லாமல், செட் இல்லாமல், வெறும் தரையில் ஆயிரம் பேரைக் கட்டிப்போடும் கலை நம் பக்கத்திலேயே இருக்கும்போது, பள்ளி ஆண்டுவிழா மேடையை வீட்டுக்குள் கொண்டுவருவானேன்?

இரண்டாவது, மூன்றாவது முறைக்கு வேறு நாடகங்கள் இருக்கின்றன. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

கதையை முதலில் வாயால் சொல்லுங்கள்

தாளைக் கையில் கொடுத்து ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரம் முழுக்கக் கதை மட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுங்கள். நடுப்பிள்ளை தண்ணீர் குடிக்கப் போகும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். இரண்டு நாள் கழித்துப் பிள்ளைகளைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் கதையில் எதை விடுகிறார்கள், எதைப் பெரிதாக்குகிறார்கள் என்று கவனியுங்கள். வசனம் எழுதும்போது அது உதவும்.

கதை சொல்லும் கட்டத்திலேயே ஒரு கேள்வி நிச்சயம் வரும்: “அம்மா, நீயா இருந்தா யாரைக் குடுப்ப?” இதைச் சிரித்து மழுப்பக் கூடாது. “யாரையும் கொடுக்க மாட்டேன், நானே போவேன்” என்று சொல்லுங்கள். அந்த அம்மாவும் அதைத்தான் முதலில் சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் நடுப்பிள்ளைக்கு இந்தக் கதை ஆழமாகப் படும். அதற்காகக் கதையை மாற்ற வேண்டாம். நாடகத்தின் நாயகனே நடுப்பிள்ளைதான், காப்பாற்ற வருகிறவனும் நடுப்பிள்ளைதான் என்று அவனுக்கே தெரிந்துவிடும்.

வசனம் எழுதுவது

மூலநூல் மிகப் பழையது, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. ஆனால் இன்றைய மொழிபெயர்ப்புகள் மொழிபெயர்த்தவர்களுக்குச் சொந்தம். அதனால் கதையை வைத்து வசனத்தை நீங்களே எழுதிக்கொள்வதுதான் நல்லது. எழுத வராது என்று பயப்பட வேண்டாம். ஒரு வசனத்துக்கு ஒன்று அல்லது இரண்டு வாக்கியம் போதும். மொத்தம் எட்டுப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். பாட்டும் சண்டையும் சேர்ந்தால் அது அரை மணி நேரம் வந்துவிடும்.

மொழியை எந்த மட்டத்தில் வைப்பது? கார்ட்டூன் தமிழும் வேண்டாம், புரியாத செந்தமிழும் வேண்டாம். கூத்து வசனத்தில் ஒரு கம்பீரம் இருக்கும், “வாரும்”, “கேளும்”, “நில்லும்” என்று. பிள்ளைகளுக்கு அது உடனே பிடித்துப்போகும், பேசும்போது முதுகு தானாக நிமிரும். நான் எழுதிக்கொண்ட முக்கியமான இடம் இப்படி இருக்கிறது:

கடோத்கஜன்: நில்லும் ஐயா! மூன்று பிள்ளைகளில் ஒருவனைத் தாரும். மற்றவர்கள் வந்த வழியே போகலாம்.

தந்தை: மூத்தவன் என் தோள். அவனை விடமாட்டேன்.

தாய்: கடைக்குட்டி என் மடி. அவனை விடமாட்டேன்.

நடுவன்: பெற்றவர்களுக்கு வேண்டாதவன் இனி யாருக்கு வேண்டும்?

கடோத்கஜன்: எனக்கு வேண்டும். வா.

கடைசி இரண்டு வரிகளின் கருத்தும் பாசனுடையதே. ராட்சசன் வாயிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு “எனக்கு வேண்டும்” வருகிறதே, நாடகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எதை வெட்டினாலும் இந்த ஐந்து வசனங்களில் கை வைக்காதீர்கள். “நடுவன்” பேசி முடித்ததும் ஜால்ரா, தாளம் எல்லாம் நிற்க வேண்டும். கடோத்கஜன் மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுப் பதில் சொல்லட்டும்.

தாராளமாக வெட்டக்கூடியவையும் உண்டு. காட்டு வர்ணனை, நீண்ட சுலோகங்கள், அந்தணர் தன் ஊரையும் உறவையும் விவரிப்பது எல்லாம் போகலாம். பாண்டவர்கள் வேள்விக்குப் போயிருப்பதால் காட்டில் உதவிக்கு ஆள் இல்லை என்ற செய்தியை மட்டும் ஒரு வரியில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால், பீமன் மட்டும் ஏன் அங்கே இருக்கிறான் என்று கூட்டத்தில் ஒரு சிறுவன் எழுந்து கேட்பான்.

“நடுவோனே!” என்ற அழைப்பை மூன்று முறை வையுங்கள். ‘ஏ’யில் முடிவதால் இழுத்துக் கூப்பிட வசதி. முதல் முறை சாதாரணமாக, இரண்டாவது எரிச்சலோடு, மூன்றாவது தெருவே திரும்பிப் பார்க்கும்படி. அந்த மூன்றாவது அழைப்புக்குத்தான் பீமன் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்க வேண்டும்.

யாருக்கு எந்த வேஷம்?

மொத்தம் எட்டு வேஷம்: தந்தை, தாய், மூன்று மகன்கள், கடோத்கஜன், பீமன், இடும்பி. கூடவே கட்டியங்காரன். ஆள் குறைந்தால் மூத்தவனாக நடிப்பவரே பிறகு இடும்பியாக வரலாம்.

பெற்றோர் வேஷத்தை வீட்டு அப்பா அம்மாவே போடுவது சரிவராது என்பது என் அபிப்பிராயம். தன் சொந்த அம்மா “கடைக்குட்டியை விடமாட்டேன்” என்று இன்னொரு பிள்ளையைக் கட்டிக்கொள்வதை ஏழு வயதுக் குழந்தை பார்த்துக்கொண்டு நிற்பது கொஞ்சம் அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள். பிள்ளைகள் தந்தையும் தாயும் ஆகட்டும், பெரியவர்கள் மகன்களாகட்டும். தாத்தா கடைக்குட்டியாகவும், சித்தப்பா நடுப்பிள்ளையாகவும் வந்து நிற்க, பத்து வயதுப் பெண் “இவனை விடமாட்டேன்” என்று தாத்தாவை இழுத்து அணைத்தால், பார்ப்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிடும்.

பீமனும் கடோத்கஜனும் நிஜத்திலேயே அப்பாவும் பிள்ளையுமாக இருந்தால் ரொம்ப நல்லது. மகளாக இருந்தாலும் சரிதான். கடோத்கஜன் வேஷம் பெண் பிள்ளைக்கு அருமையாகப் பொருந்தும். ராஜபார்ட்டையும் ஸ்திரீபார்ட்டையும் சிறுவர்களே மாறி மாறிக் கட்டிய மண் இது, அதில் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு விதியை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பெரியவருக்கும் பிள்ளைகளைவிட அதிக வசனம் கூடாது.

ஓயாமல் பேசும் பிள்ளை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். பாடம் நிற்காது, நின்ற இடத்தில் நிற்காது. கட்டியங்காரன் வேஷம் அதற்குத்தான். கூத்தில் கட்டியங்காரன்தான் ஒவ்வொரு வேஷத்தையும் “யார் ஐயா நீர்?” என்று விசாரித்துச் சபைக்கு அறிமுகம் செய்பவன். நடுவில் புகுந்து பேசலாம், பார்ப்பவர்களோடு வம்பளக்கலாம், கதையில் ஒரு இடம் விட்டுப்போனால் இழுத்துச் சேர்க்கலாம். கையில் கோலோடு வசனத் தாளையும் வைத்திருந்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கூச்சப்படுகிற பிள்ளையைத் திரை பிடிக்கவும் பின்பாட்டுப் பாடவும் வையுங்கள். வற்புறுத்தி வேஷம் கட்ட வைக்காதீர்கள். இரண்டாவது வாரத்தில் அதுவே எல்லார் வசனத்தையும் ஒப்பித்துக்கொண்டு திரியும். அப்போது கேட்டுப்பாருங்கள்.

பாடமும் ஒத்திகையும்

நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம். முதல் வாரம் கதை என்று சொன்னேன். இரண்டாவது வாரம் தாள் இல்லாமல், ஒவ்வொருவரும் தன் சொந்த வார்த்தையில் பேசி நடந்து பார்க்க வேண்டும். யார் எங்கிருந்து வருகிறார், எங்கே நிற்கிறார் என்பது அப்போது உடம்பில் ஏறிவிடும். மூன்றாவது வாரம்தான் எழுதிய வசனம். இந்த வரிசையில் போனால் மனப்பாடம் பாதி சுலபம். ஏனென்றால் வார்த்தைக்கு முன்பே எதற்காகப் பேசுகிறோம் என்பது தெரிந்திருக்கும். நான்காவது வாரம் முழு ஓட்டம், ஒரு முறையாவது வேஷத்தோடு.

ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு நீங்கள் ஒரு வரி சொல்ல, அது திருப்பிச் சொல்லும் பழைய திண்ணைப் பள்ளிக்கூட முறையே போதும். பெரிய பிள்ளைகள் தங்கள் வசனத்தைத் தங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளட்டும். செல்போனில் அனுப்பிப் படிக்கச் சொல்வதைவிட அது எத்தனையோ மடங்கு மேல்.

குரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டு நாடகங்கள் பெரும்பாலும் இதில்தான் கோட்டை விடுகின்றன. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. “மூத்தவனை விடமாட்டேன்”, “மூத்தவனை விட்டுவிடுகிறேன்” இரண்டுக்கும் வித்தியாசம் கடைசிச் சொல்லில்தான். பிள்ளைகளோ ஆரம்பத்தில் கத்திவிட்டு வாக்கியம் முடியும்போது குரலை விழுங்கிவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு யாரை என்று கேட்கும், என்ன செய்யப்போகிறார் என்று கேட்காது. அதனால் ஒத்திகையில் கடைசிச் சொல்லை மட்டும் தனியாகச் சொல்லிப் பழக்குங்கள். முதலில் எல்லாரும் தங்கள் வசனங்களின் வினைகளை மட்டும் வரிசையாகச் சொல்லட்டும்: “விடமாட்டேன்… வேண்டும்… வா…” பிறகு முழு வாக்கியம். ஒரே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

பாட்டியை மாடியின் மறு கோடியில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். பிள்ளை பேசியதைப் பாட்டி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். பாட்டிக்குக் கேட்காத வரி யாருக்கும் கேட்காத வரி. “சத்தமாப் பேசு” என்று நாம் நூறு முறை சொல்வதைவிட, “என்னடா கண்ணு சொன்ன?” என்று பாட்டி ஒரு முறை கேட்பது பலிக்கும். ழகரத்தையும் ளகரத்தையும் இந்தச் சாக்கில் திருத்திக்கொள்ளலாம், ஆனால் வசனத்தின் நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள்.

சண்டைக் காட்சி

பிள்ளைகள் காத்திருப்பது இதற்காகத்தான். பாசன் இங்கே அழகான படிக்கட்டு ஒன்று வைத்திருக்கிறார். கடோத்கஜன் முதலில் மரத்தைப் பிடுங்கி அடிக்கிறான், அப்புறம் மலை முகட்டை எடுக்கிறான், அப்புறம் மல்யுத்தம், கடைசியில் மாயக் கயிறு. நான்கும் பீமனிடம் தோற்கின்றன. ஆனால் கொடுத்த வாக்குக்காகப் பீமன் தானாகவே அவனோடு நடக்கிறான்.

மரத்துக்கு ஒரு வேப்பங்கொத்து. மலைக்குப் பழைய துணி அடைத்த சாக்கு. மாயக் கயிற்றுக்கு ஒரு பருத்திப் புடவை. புடவையை இடுப்பில் மட்டுமே சுற்ற வேண்டும், கழுத்துப் பக்கம் போகவே கூடாது. இதை ஒத்திகையின் முதல் நாளே சட்டமாக்கிவிடுங்கள். ஒவ்வொரு மோதலும் எட்டு எண்ணிக்கை: நான்கில் ஒருவர் தாக்க, நான்கில் மற்றவர் வாங்க. இருவருக்கும் நடுவே ஒரு கை நீள இடைவெளி எப்போதும் இருக்கட்டும். உடம்பில் படாமல், அடி விழும் கணத்தில் இருவரும் காலைத் தரையில் ஓங்கி மிதித்து, தாளக்காரர் ஒரு தட்டுத் தட்டினால், தொட்டு அடிப்பதைவிடப் பலமாகத் தெரியும். மெதுவாகப் பழகுங்கள். வேகம் கடைசி வாரத்தில் தானாக வரும். மல்யுத்தம் மட்டும் கைகோத்து ஒரு சுற்றுச் சுற்றி விலகினால் போதும்.

நாலாவது மோதலுக்குப் பிறகு பீமன் மகனைப் பார்க்கும் பார்வைக்கு நேரம் கொடுங்கள். சண்டையில் ஜெயித்தவன் தோற்றவனைப் பெருமையாகப் பார்க்கிறான். அப்பா வேஷம் கட்டியவர் இங்கே நடிக்க ஒன்றும் இல்லை, சும்மா பார்த்தால் போதும்.

இடம், திசை, காற்று

மொட்டை மாடி, முற்றம், கார் நிறுத்தும் இடம், ஹால் எதுவானாலும் சரி. புதுச்சேரியின் பழைய தமிழ் வீடுகளில் முற்றமும் தாழ்வாரமும் இருந்தால் கொடுத்து வைத்தவர்கள். தாழ்வாரத் தூண்கள் காட்டு மரங்களாகிவிடும், மூன்று பக்கமும் உட்கார்ந்து பார்க்கலாம்.

மாடியில் போடுவதாக இருந்தால் திசையை யோசியுங்கள். நம் கடற்கரையில் மதியத்துக்கு மேல் காற்று கிழக்கிலிருந்து, கடலிலிருந்து வரும். நடிப்பவர்கள் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்த்துப் பேசினால், காற்று அவர்கள் குரலைச் சபைக்குக் கொண்டுபோகும். மாறி நின்றால் அத்தனை பேச்சும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். சாயங்கால வெயிலும் நடிப்பவர்கள் முகத்தில் விழும், பார்ப்பவர்கள் கண்ணைக் கூசாது. வெயில் நேராக இறங்கும் நேரம் தவிர்த்து, ஐந்தரை மணிக்கு மேல் ஆரம்பியுங்கள்.

கைப்பிடிச் சுவரிலிருந்து ஆறடி தள்ளிக் கோலமாவால் ஒரு பெரிய சதுரம் போடுங்கள். அதுதான் களரி. சண்டை அந்தக் கோட்டைத் தாண்டாது. பிள்ளைகள் கோலத்தை மதிப்பார்கள், வாய்வார்த்தையை அவ்வளவாக மதிக்க மாட்டார்கள். களரியின் ஒரு மூலையில் தண்ணீர் நிரப்பிய அண்டா வைத்தால் குளம் தயார்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாடி நாடகத்தை நம்ப முடியாது, கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பொங்கலுக்குப் பின் தேர்வு நெருங்கும் வரை உள்ள வாரங்கள்தான் பொன்னான நேரம். கோடை விடுமுறையில் போட்டால் ஒத்திகையை ஹாலுக்குள் வைத்துக்கொண்டு, நாடகத்தை மட்டும் இருட்டியதும் மாடிக்குக் கொண்டுபோகலாம்.

திரை, வேஷம், வாத்தியம்

திரை ஒரு எட்டு முழ வேட்டி. இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து நிற்க வேண்டும். புது வேஷம் வரும்போதெல்லாம் திரை வரும். முதலில் திரைக்கு மேல் கிரீடம் மட்டும் தெரிய, கீழே கால் ஆட, உள்ளிருந்து குரல் கேட்க, கட்டியங்காரன் விசாரிக்க, திரை விலக வேண்டும். கடோத்கஜன் வரும்போது திரையைப் பிடித்திருப்பவர்களே நடுங்கினால் போதும், பயம் தானாகப் பரவும்.

ஆடைக்குப் பீரோவே போதும். பட்டுப்பாவாடை, அங்கவஸ்திரம், அப்பாவின் வேட்டி. கிரீடத்துக்கும் புஜத்துக்கும் அட்டைப்பெட்டியை வெட்டி ஜிகினா பேப்பர் ஒட்டுங்கள். புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் போடும் சண்டே மார்க்கெட்டில், கடலூரில் லாரன்ஸ் ரோட்டில் ஒரு நடை நடந்தால் மணி, சரிகைத் துண்டு, வளையல் எல்லாம் சேர்ந்துவிடும். கிரீடம் லேசாக இருக்கட்டும், தாடைக்குக் கீழே நாடாவால் கட்டுங்கள். சண்டையில் விழுகிற கிரீடம் பிள்ளையின் கவனத்தையே கெடுத்துவிடும்.

முகப்பூச்சில் எச்சரிக்கை தேவை. அந்தக் கால அரிதாரம் ஆர்செனிக் கலந்த தாதுப்பொருள். பழைய கூத்துப் பெட்டியிலிருந்து யாராவது பிரியமாக எடுத்துக் கொடுத்தாலும் பிள்ளைகள் முகத்தில் பூசாதீர்கள். குழந்தைகளுக்கென்றே விற்கும் முக வண்ணத்தை முந்தின நாளே முழங்கை உள்பக்கம் தடவிப் பாருங்கள். பூசும் முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் கழுவும்போது சுலபமாகப் போகும். கடோத்கஜனுக்கு அகலமான கறுப்புப் புருவமும் மீசையும் போதும்.

வாத்தியத்துக்கு ஒரு ஜோடி ஜால்ராவும், தட்டுவதற்கு ஒரு குடமும் போதும். கஞ்சிரா வாசிக்கிற மாமா யாராவது இருந்தால் விடாதீர்கள். எனக்குக் கூத்தில் மிகவும் பிடித்தது பின்பாட்டு. நடிப்பவர் ஒரு வரி பாடியதும் பின்னால் இருப்பவர்கள் அதையே வாங்கிப் பாடுவார்கள். அந்த நேரத்தில் நடிப்பவருக்கு மூச்சும் கிடைக்கும், அடுத்த வரியும் ஞாபகம் வரும். மறந்துவிட்டால் பின்பாட்டுக்காரர்கள் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். வசனம் மறந்து விழிக்கும் பிள்ளையை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு வேஷத்துக்கும் வருகைப் பாட்டாக நான்கு அடி எழுதுங்கள், தாலாட்டோ கும்மியோ தெரிந்த மெட்டில் போடுங்கள்.

இருட்டிய பிறகு என்றால் இரு பக்கமும் உயரத்தில் ஒரு எல்இடி பல்பு. கரண்ட் போனால் சமாளிக்க எமர்ஜென்சி லைட் ஒன்று. நைலான் புடவை கட்டிய பிள்ளைகள் சுற்றி ஓடும் இடத்தில் தீபமோ தீப்பந்தமோ வேண்டாம்.

நாடக நாள்

இருபது பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். அழைப்பிதழைப் பிள்ளைகளே எழுதி வீடு வீடாகக் கொடுக்கட்டும். பாய் விரித்துச் சின்னவர்களை முன்னால், நாற்காலியில் பெரியவர்களைப் பின்னால் உட்கார வையுங்கள். வீடியோ எடுக்க ஒருவர் போதும், மற்ற போன்கள் உள்ளே இருக்கட்டும் என்று கட்டியங்காரனே ஆரம்பத்தில் சொல்லிவிடுவான்.

அன்றைக்கு ஒத்திகை வேண்டாம். மதியம் லேசான சாப்பாடு, ஒரு மணி நேரம் படுக்கை, நான்கு மணிக்கு வேஷம் கட்ட உட்கார்ந்தால் சரி. ஆரம்பித்த பிறகு நீங்கள் வெளியிலிருந்து ஒரு திருத்தமும் சொல்லக் கூடாது. வசனம் மாறினாலும், தாத்தா தவறான பக்கத்திலிருந்து வந்தாலும், கட்டியங்காரன் ஐந்து நிமிடம் அதிகமாகப் பேசினாலும் அப்படியே விடுங்கள். அந்த நேரத்தில் நாடகம் பிள்ளைகளுடையது.

முடிந்ததும் எல்லா வேஷமும் வரிசையாக நின்று கும்பிட்டு, தங்கள் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். நடுவனைக் கொடுத்த தாயும் தந்தையும் மேடையிலேயே அவனைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். இது பாசன் எழுதியதல்ல. சின்னப் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்கப் போக நான் சேர்த்தது. பிறகு சுண்டலும் பானகமும்.

அடுத்து எதைப் போடலாம்?

காளிதாசனின் சாகுந்தலத்தில் ஆறாம் அங்கத் தொடக்கத்தில் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. மீன் வயிற்றில் கிடைத்த ராஜ மோதிரத்தோடு மாட்டிக்கொண்ட மீனவனைக் காவலர்கள் அடித்து இழுத்து வருகிறார்கள். அரசன் பரிசு கொடுத்து அனுப்பியதும் அதே காவலர்கள் அவனோடு நட்பாகிவிடுகிறார்கள். நான்கு பேர், பத்து நிமிடம். வைத்திக்குப்பமோ தேவனாம்பட்டினமோ பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மீனவன் பக்கத்து வீட்டுக்காரர்தான். அதிகாரம் உள்ளவர்களின் குரல் எப்படி மாறுகிறது என்று பேச நல்ல வாய்ப்பு.

பிரெஞ்சு மணம் இன்னும் போகாத நம் ஊருக்குப் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் பொருத்தமானவர். 1668-இல் அவர் போட்ட கஞ்சன் நாடகத்தில், தோட்டத்தில் புதைத்த பணப்பெட்டி களவுபோனதும் கிழவன் அர்பகோன் திருடனைப் பிடித்துவிட்டேன் என்று தன் கையையே பிடித்துக்கொள்வான், சபையில் உட்கார்ந்திருப்பவர்களையும் சந்தேகிப்பான். அந்த ஒரு தனிப்பேச்சை மட்டும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை போடலாம். அர்பகோனை மிஷன் வீதியில் கடை வைத்திருப்பவராக மாற்றினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஷேக்ஸ்பியரில் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தின் கடைசியில் தச்சரும் நெசவாளரும் தையற்காரரும் சேர்ந்து அரசன் முன் போடும் குட்டி நாடகத்தைத் தனியே பிரித்து எடுக்கலாம். ஒருவர் சுவராக நிற்பார், ஒருவர் நிலாவாக வருவார், சிங்கமாக வருபவர் “பயப்படாதீர்கள், நான் நிஜச் சிங்கம் இல்லை” என்று முதலிலேயே சொல்லிவிடுவார். ஐந்து வயதுப் பிள்ளைகளும் சேரலாம். இரண்டாவது நாடகமாக நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

பதினான்கு வயதைத் தாண்டிய பிள்ளைகள் இருந்தால் பாரதிதாசனின் ‘பிசிராந்தையார்’. நேரில் பார்க்காத நண்பனுக்காக உயிர்விடும் புறநானூற்றுக் கதை. 1969-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். முழுவதையும் எடுக்காமல், வடக்கிருக்கும், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடும் கோப்பெருஞ்சோழன் நண்பனுக்காக இடம் ஒதுக்கச் சொல்லும் பகுதியை மட்டும் எடுங்கள். பெருமாள் கோயில் வீதியில் அருங்காட்சியகமாக இருக்கும் பாரதிதாசனின் வீட்டைப் பிள்ளைகளோடு பார்த்துவிட்டு வந்து ஒத்திகையை ஆரம்பிக்கலாம்.

எந்த நாடகமானாலும் திருத்தங்களோடு கூடிய வசனத் தாள், யார் என்ன வேஷம் என்ற பட்டியல், கோலமாவுச் சதுரத்தின் அளவு எல்லாவற்றையும் ஒரே நோட்டில் ஒட்டிவையுங்கள். கிரீடங்களை மடிக்காமல் அட்டைப்பெட்டியில் போட்டு, எலி எட்டாத பரணில் ஏற்றுங்கள்.